ராணுவத் தரத்தில் ஒரு கிதார்

சவெத்பெக் கிதார் செய்ய ஆரம்பித்தபோது அவனுடைய மகன் மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். அந்தப் பையன் வளர்ந்து, மீசை வைத்து, ராணுவ சேவையை முடித்து, இப்போது மாஸ்கோவுக்கு வேலைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டான். கிதார்தான் இன்னும் வந்து சேரவில்லை.

மரவேலை என்னவோ ஒரே கோடையில் முடிந்துவிட்டது. அதில் யாரும் அவனைக் குறை சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் வெட்டிப்போட்ட ஆப்ரிகாட் மரத்தைக் கேட்டு வாங்கினான். நம் ஊர்ப் பாட்டுக்காரர்கள் மீட்டுகிற மூன்று தந்திக் கொமுஸ் வாத்தியம் செய்கிற அதே மரம். வாங்கி, அறுத்து, இழைத்து, தேய்த்து, கழுத்தும் உடம்புமாகப் பொருத்தி முடித்தான். தந்தியின் அதிர்வை வாங்குகிற காந்தச் சுருளைக்கூடத் தையல் மிஷின் சக்கரத்தில் வைத்துத் தன் கையாலேயே சுற்றினான். மிச்சம் இருந்தது ஒரு கைப்பிடிச் சாமான்: இரண்டு குமிழ், ஒரு சுவிட்ச், ஒரு கெபாசிட்டர், ஒயர் செருக ஒரு ஜாக், ஒரு முழம் ஒயர். எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு தேநீர்க் கிண்ணம் நிறையாது. இந்தக் கிண்ணச் சாமானைத் தேடித்தான் மனுஷன் இத்தனை வருஷமும் அலைந்தான்.

அவனுக்குப் பிழைப்பு லிஃப்ட் ரிப்பேர். பிஷ்கேக்கின் தெற்குப் பக்கத்து ஒன்பது மாடிக் கட்டடங்களில் பாதிக்கு மேல் அவன் பொறுப்பு. ஒன்பதாவது மாடிக்குப் பிள்ளைகுட்டிகளோடு ஜனங்களைத் தூக்கிக்கொண்டு போகும் லிஃப்டுக்கு, கையில் அகப்பட்ட எந்த ரிலேயும் அவனுக்குப் போதும். இரண்டு சுற்று டேப் ஒட்டி, ஒரு தட்டுத் தட்டி, "இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கவலையே படாதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவான். கிதாருக்கு மட்டும் ராணுவத் தரம் வேண்டும். அதாவது, அந்தக் காலத்துச் சோவியத் ஆலைகளில் ராணுவ அதிகாரி பக்கத்தில் நின்று சோதித்து, சின்னச் சாய்சதுர முத்திரை குத்தி அனுப்பிய பாகங்கள். ஏவுகணைக்கும் டாங்கிக்கும் என்று செய்தவை. அந்த முத்திரை இல்லாத சாமானை அவன் விரலால்கூடத் தொடமாட்டான்.

அதற்காகவே ஞாயிறு தோறும் பழைய ரேடியோச் சந்தை. சந்தையின் கடைக்கோடியில் லூதா என்ற ரஷ்யக்காரி தரையில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருப்பாள். மூடிப்போன ஆலைகளின் வயிற்றிலிருந்து வந்ததெல்லாம் அவள் முன்னால் குவிந்து கிடக்கும். உலோகம் உருக்குகிறவர்கள் வந்து சாக்கில் அள்ளிக்கொண்டு போவார்கள். சவெத்பெக் வந்தால் ஒன்றே ஒன்றை எடுத்து அரை நாள் பார்ப்பான்.

"லூதா அக்கா, போன வாரம் குடுத்த கெபாசிட்டர் சரியில்ல."

"ஏன், வெடிச்சிருச்சா?"

"இல்ல."

"எண்ணெய் கசியுதா?"

"அதெல்லாம் இல்லக்கா. எண்பத்தி ரெண்டுல செஞ்சது. எனக்கு எழுபத்தி எட்டு வேணும்."

"எண்பத்தி ரெண்டுக்கு என்ன கேடு வந்துச்சு?"

"அந்த வருஷத்துக்குள்ள ஆலையில, கெபாசிட்டருக்குள்ள சுத்துற காகிதத்தை மாத்திட்டாங்க. சத்தம் வறண்டு போச்சு."

"மாட்டிக் கேட்டியா?"

"மாட்டல. கைல வச்சாலே தெரியுது."

லூதா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். "கைல வச்சுப் பாத்துத் தர்பூசணி வாங்குற ஆளைப் பாத்திருக்கேன். கெபாசிட்டர் வாங்குற ஆளை இப்பத்தான் பாக்குறேன். உன் பொண்டாட்டியையும் இப்படித்தான் வருஷம் பாத்து எடுத்தியா?" என்று கேட்டுவிட்டு, பழைய தேயிலை டப்பா ஒன்றைத் திறந்தாள். அவனுக்கென்றே ஒதுக்கி வைத்த டப்பா அது. சாய்சதுர முத்திரை தெரிகிற சாமானையெல்லாம் துடைத்து அதில் போட்டு வைத்து, இரட்டிப்பு விலைக்கு அவன் தலையில் கட்டுவாள். பாவம், அவளுக்கும் பிழைப்பு ஓட வேண்டுமே.

இப்படியாக, பார்த்துப் பார்த்துப் பொறுக்கிச் சேர்த்தான். சுவிட்ச் ஹெலிகாப்டரில் இருந்தது. தவறிப்போய் யாரும் தட்டிவிடக் கூடாதென்று அதற்கு ஒரு சிவப்பு மூடி. பாட்டுக்கு நடுவில் சுவிட்சை மாற்ற வேண்டுமானால் முதலில் மூடியைத் தூக்க வேண்டும், ராக்கெட் விடப்போகிறவன் மாதிரி. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் டாங்கிக்குச் செய்தவை. டாங்கி குலுங்கினாலும் அவை தன்பாட்டுக்குச் சுழன்றுவிடக் கூடாது, கம்பளிக் கையுறை போட்ட முரட்டுக் கைதான் அவற்றைத் திருப்பும் என்பது கணக்கு. வெறும் விரலுக்கு அசைவோமா என்றன. சவெத்பெக் இடுக்கி வைத்துத் திருப்பினான். "பாத்தியா, என்ன இறுக்கம்! என்ன தரம்!" என்று பூரித்துப் போனான்.

ஆனால் இந்தக் கெபாசிட்டர் விஷயம் மட்டும் முடியவே இல்லை. கிதாரில் அதற்கு என்ன வேலை? குமிழைத் திருப்பினால் கீச்சென்ற சத்தத்தைக் கொஞ்சம் மழுக்கும், அவ்வளவுதான். சவெத்பெக்கைக் கேட்டால் கிதாரின் உயிரே அதில்தான் இருக்கிறது. எண்ணெயில் ஊறிய காகிதமா, மைக்காவா, எந்த ஆலை, எந்த வருஷம் என்று ஆரம்பித்தான் என்றால் கேட்கிறவனுக்குக் கொட்டாவி வந்து, கண்ணில் நீர் வந்து, கடைசியில் வேறு வழியில்லாமல் ஆமாம் போட்டுவிடுவான். அப்படித்தான் பள்ளித் தோழர்கள் அவனுக்குத் 'தங்கக் காது' என்று பெயர் வைத்தார்கள். கேலியாகத்தான் வைத்தார்கள். அவன் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டான்.

தோழர்கள் என்றால், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள், இன்றும் மாதம் ஒருவர் வீட்டில் கூடிச் சாப்பிடுகிறார்கள். அதற்குப் பெயர் ஷெரினே. முறை வைத்து வரும். யார் வீட்டு முறையோ அவர்கள் ஆடு அடிக்க வேண்டும், மற்றவர்கள் வந்து தின்றுவிட்டு அவர்களையே கிண்டல் செய்ய வேண்டும். அந்த வசந்தத்தில் ஷெரினே பேச்செல்லாம் ஒன்றைப் பற்றித்தான். மே மாதம் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழா. இவர்கள் வகுப்பின் பழைய இசைக்குழு மேடையேற வேண்டும் என்று பள்ளியிலிருந்தே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தக் குழுவின் முதல் கிதார் சவெத்பெக். பள்ளி முடித்த நாளன்று, ஊரே பார்த்திருக்க, பாட்டின் நடுவில் விரல் குழம்பி நின்றுபோனவனும் அவனே. அன்றைக்கு மானத்தைக் காப்பாற்றியது இரண்டாவது கிதார் ஷைலோபெக். இப்போது டயர் கடை வைத்திருக்கிறான், கல்யாண வீடுகளில் கிதாரும் வாசிக்கிறான். அந்த மேடையில் அந்தப் பாட்டை ஒரு தடவை முழுசாக வாசித்துவிட வேண்டும். சவெத்பெக்குக்கு வாழ்க்கையில் வேறு ஆசை கிடையாது என்றே சொல்லலாம்.

"என் கிதார் வந்துட்டே இருக்கு. ஒரு கெபாசிட்டர்தான் பாக்கி" என்று மார்ச்சில் சொன்னான். ஏப்ரலிலும் அதையே சொன்னான்.

சோல்போன் பொறுத்துப் பார்த்தாள். அவள்தான் அந்த வகுப்புக்கு அன்றும் இன்றும் லீடர். இப்போது கணக்கு டீச்சர், கேட்கவே வேண்டாம். "அடுத்த ஷெரினே உன் வீட்டு முறைதானே? வர்றோம். அன்னிக்குக் கிதார் சத்தம் கேக்கணும். கேக்கலைன்னா மேடைல உன் இடம் ஷைலோபெக்குக்கு. அவன் கடைல வாங்கின கிதாரோட வரட்டும்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் வந்தார்கள். சவெத்பெக்கின் மனைவி குல்பார்ச்சின் விடியலிலேயே எழுந்து பவுர்சாக் என்கிற மாவுப் பண்டத்தை எண்ணெயில் பொரித்து விரிப்பு நிறைய மலையாகக் குவித்திருந்தாள். பாலாடை, ஜாம், தேன், தேநீர். ஆடு வெளியே அண்டாவில் வெந்துகொண்டிருந்தது. கிதார் உள்ளறைக் கட்டில் மேல் பூப்போட்ட துணி மூடிப் படுத்திருந்தது, புது மணப்பெண் மாதிரி. இத்தனை வருஷத்தில் ஒருத்தர் கண்ணிலும் அவன் அதைக் காட்டியதில்லை.

இன்றைக்கும் காட்டுகிற உத்தேசம் அவனுக்கு இல்லை. "பசங்களா, ஒரு சின்ன விஷயம்..." என்று இழுத்தான்.

சோல்போன் அதற்குள் எழுந்துவிட்டாள். பையிலிருந்து புதுத் தந்திக் கட்டு ஒன்றை எடுத்து அவன் கையில் திணித்தாள். "இந்தா, கொரும்தூக்!"

புதுசாக எதையும் முதல் தடவை பார்க்கிறவர்கள் கொடுக்க வேண்டிய பரிசு அது. மருமகளானாலும் சரி, குழந்தையானாலும் சரி, காரானாலும் சரி, கொரும்தூக் கையில் வந்துவிட்டால் துணியை விலக்கிக் காட்டியே ஆக வேண்டும். மாட்டேன் என்று சொன்னவனை இந்தப் பூமியில் யாரும் பார்த்ததில்லை. சோல்போன் பின்னாலேயே ஆளாளுக்குக் கொண்டுவந்து திணித்தார்கள். ஒருத்தி தலைக்குட்டை. ஷைலோபெக் கிதாருக்கு ஒரு தோல் பட்டை. மினி பஸ் ஓட்டுகிற தொக்தோசுன் ஒரு வாளி உருளைக்கிழங்கு.

"கிதாருக்கு எதுக்குடா உருளைக்கிழங்கு?"

"இத்தனை வருஷம் பட்டினி கெடந்துச்சே, சாப்பிடட்டும்னுதான்" என்றான் தொக்தோசுன், வாயில் பவுர்சாக்கோடு.

சவெத்பெக் வசமாக மாட்டிக்கொண்டான். உள்ளே போய்க் கிதாரைத் தூக்கி வந்தான். துணியை விலக்கியதும் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், அழகான கிதார். ஆப்ரிகாட் மரம் தேன் நிறத்தில் மின்னியது. அடுத்த நிமிஷம் சிவப்பு மூடி கண்ணில் பட்டுவிட்டது.

"அடேய், இதை அமுக்கினா யார் தலைல விழும்?" என்று கேட்டான் ஷைலோபெக். விரிப்பைச் சுற்றி வெடிச் சிரிப்பு.

"அது கெடக்கட்டும், பாட்டு வாசி" என்றாள் சோல்போன்.

 சவெத்பெக்கும் சும்மா இல்லை, தப்பிக்க ஒரு வழி வைத்திருந்தான். "வெறும் பாட்டை வாசிச்சா உங்களுக்கு என்ன புரியப் போகுது? முதல்ல வித்தியாசம் கேளுங்க" என்றான். கிதாரின் முதுகிலிருந்து இரண்டு ஒயர் வெளியே தொங்கியது, நுனியில் பல் வைத்த கிளிப். ஒரு கையில் ராணுவ முத்திரை குத்திய கெபாசிட்டர், மறு கையில் சீனத்து மலிவுச் சரக்கு. "நான் சுவத்தைப் பாத்துத் திரும்பி உக்காந்துக்கறேன். பின்னால யாராவது இதையோ அதையோ மாத்தி மாத்தி மாட்டுங்க. எதுன்னு நான் சத்தத்தை வச்சே சொல்றேன். தப்பாச் சொன்னா அப்புறம் என்னை என்ன வேணா கேளுங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தது தொக்தோசுன். வேலை அவன் தலையில் விழுந்தது.

சவெத்பெக் கிதாரை மூலையில் இருந்த ஒலிபெருக்கியில் செருகிவிட்டு, சுவரில் தொங்கிய கம்பளத்தைப் பார்த்துத் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டான். ஒரே ஒரு தந்தியை மீட்டினான். டொய்ங். தலையை ஆட்டினான். "ம்ம்... ராணுவம். கேட்டீங்களா? பாலாடை வழியுற மாதிரி."

"அடுத்தது" என்றாள் சோல்போன்.

டொய்ங். அவன் முகம் சுளித்தது. "சீனா. சந்தேகமே வேணாம். பிளாஸ்டிக் வாளியைத் தட்டின மாதிரி இருக்கு."

"ஆமா, எனக்கே பல்லு கூசிடுச்சு" என்றாள் தலைக்குட்டை கொடுத்தவள். அவள் பக்கத்தில் இருந்தவளும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். ஜனங்கள் அப்படித்தான், ஒருத்தன் அடித்துப் பேசினால் எல்லோருக்கும் கேட்க ஆரம்பித்துவிடும்.

டொய்ங். "மறுபடி சீனா." டொய்ங். "ஆஹா, ராணுவம்! இதுல ஆழம் தெரியுது பாருங்க, கெணத்துக்குள்ள எட்டிப் பாக்குற மாதிரி." அவனுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. எழுபத்தெட்டாம் வருஷத்துக் காகிதத்தைப் பற்றி ஒரு சிறு பிரசங்கமே செய்தான்.

"போதும். தொக்தோசுன், எத்தனை சரி?" என்று கேட்டாள் சோல்போன்.

தொக்தோசுன் விழித்தான். மெல்ல முஷ்டியைத் திறந்தான். எண்ணெய் பளபளக்கும் உள்ளங்கையில் இரண்டு கெபாசிட்டரும் பத்திரமாக இருந்தன.

"நான் எதையும் மாட்டவே இல்லையேடா. பவுர்சாக் தின்ன கை, கிளிப்பு வழுக்கிட்டே இருந்துச்சு. நீ வேற உன் பாட்டுக்குச் சொல்லிட்டே போனியா, சரி, நல்லாத்தானே சொல்றான், ஏன் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

அந்த வீட்டுக் கூரை பறக்காமல் இருந்தது அதிசயம். ஷைலோபெக் விரிப்பின் மேலேயே சாய்ந்துவிட்டான். பல் கூசியவள்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாள். சமையலறை வாசலில் நின்ற குல்பார்ச்சின் மட்டும் சிரிக்கவில்லை. 

சிரிப்பு ஓய்ந்ததும் ஷைலோபெக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குடு, பாக்கலாம்" என்று கிதாரை வாங்கினான். ஒயர் இரண்டும் அப்படியே அனாதையாகத் தொங்க, பழைய பாட்டை எடுத்தான். அதே பாட்டு, பள்ளி மேடையில் பாதியில் நின்றது. ஆப்ரிகாட் மரம் கணீரென்று பேசியது. கெபாசிட்டரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அறையே பாட்டாயிற்று. பெண்கள் மெல்லச் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். சவெத்பெக் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். இவ்வளவு நல்ல கிதார் தன் கட்டிலில் படுத்திருந்தது அவனுக்கே தெரியாது.

"மரம் அருமைடா. சும்மா சொல்லல. உன் இடம் உனக்குத்தான், நீயே வாசி. நான் எப்பவும் போல ரெண்டாவதா வர்றேன்" என்று ஷைலோபெக் கிதாரை நீட்டினான். அவன் மனசாரத்தான் சொன்னான்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். சவெத்பெக் வாங்கி மடியில் வைத்தான். முதல் பிடியைப் பிடித்தான், கொர்ரென்றது. தந்தி விரலுக்குள் கத்தியாக இறங்கியது. இரண்டாவது பிடிக்கு விரல்கள் எங்கே போக வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைத்தான். மூன்றாவதில் நின்றான்.

"ஜாக் கொஞ்சம் லூசா இருக்கு. வர்ற ஞாயித்துக்கெழமை சந்தையில..." என்றான்.

அப்போதாவது யாராவது சிரித்திருக்கலாம். "பரவால்லடா" என்று சொன்னார்கள். அதுதான் அவனுக்கு நெருப்பாகச் சுட்டது.

"சரி, விழா மேடைல ஷைலோபெக். கிதார் இதுதான்" என்று சோல்போன் முடித்துவிட்டாள்.

இறைச்சி வந்தது. அந்தக் கூட்டத்தில் ஷைலோபெக்தான் சில மாதங்கள் மூத்தவன், ஆட்டுத் தலை அவன் முன்னால் வைக்கப்பட்டது. தலையை வாங்கியவன் முதலில் காதை அறுத்து அந்த வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும், பிள்ளை நன்றாகக் காது கொடுத்துக் கேட்டு வளரட்டும் என்று. ஷைலோபெக் காதை அறுத்துக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். அந்த வீட்டுப் பிள்ளை மாஸ்கோவில்.

"குடுக்க வேண்டியவனுக்குக் குடேன்டா" என்றான் தொக்தோசுன், எலும்பை உறிஞ்சியபடி.

ஷைலோபெக் ஒரு நொடி தயங்கினான். பிறகு விரிப்புக்குக் குறுக்கே கையை நீட்டினான். "இந்தா, தங்கக் காது."

பந்தியில் நீட்டியதை மறுக்கக் கூடாது. சவெத்பெக் இரண்டு கையாலும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். ஆட்டுக் காது லேசில் மெல்லக் கூடியதா? ஐம்பது வயசுக் குழந்தை மென்றான், மென்றான், மென்றுகொண்டே இருந்தான். அத்தனை பேரும் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். கடைசியில் அவனும் சிரித்தான், கண்ணில் நீர் வர.

பொழுது சாயும்போது கிளம்பினார்கள். ஷைலோபெக் கிதாரைப் போர்வையில் சுற்றிக் காரின் பின்சீட்டில் படுக்க வைத்தான். சவெத்பெக் வாசலில் நின்று, "பள்ளத்துல மெதுவா ஓட்டுடா" என்று ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னான்.

உள்ளே குல்பார்ச்சின் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் போய்ப் பக்கத்தில் நின்றான்.

"கிதார் நல்லாத்தான கேட்டுச்சு?"

"நல்லாத்தான் கேட்டுச்சுங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு."

"எனக்கு வெக்கமா இருக்கு, குல்பார்ச்சின்."

அவள் ஈரக் கையாலேயே அவனுடைய இடது கையைப் பிடித்து, விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். தந்தி பதிந்த சிவப்புக் கோடு நாலு விரலிலும் இருந்தது.

"என்ன மெத்துனு இருக்கு பாருங்க, பச்சப் புள்ள கை மாதிரி. கல்யாணமான புதுசுல இந்தக் கை பட்டா என் கன்னம் கீறும். அவ்வளவு காய்ச்சுப் போயிருக்கும், ராத்திரி பகலா வாசிப்பீங்க. அந்தக் காய்ப்பு எந்தக் கடையிலயும் விக்கிறதில்லைங்க. அது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கடைகடையா அலைஞ்சீங்க."

அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.